இடம் பெயர்ந்த வீடுகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். வழியில் முட்டுக்காட்டில், சாலையோரமாக ‘தக்ஷிணசித்ரா’ என்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே இறங்கியதுண்டா? இல்லையென்றால் அடுத்த தடவை அவசியம் இறங்குங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கும் கடற்கரைக் கோயில் இன்னும் இரண்டு மணி நேரம் உங்களுக்காகக் காத்திருக்காதா, என்ன!

இங்கே நீங்கள் பார்க்கப் போவது ராஜாக்களின் அரண்மனையை அல்ல. வியாபாரியும் நெசவாளியும் குயவரும் குடியானவரும் வாழ்ந்த வீடுகளை. இடித்து மரத்தை விற்றுவிடலாம் என்று இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கதவு, தூண், உத்தரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொண்டுவந்து, மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கென்று ‘மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன்’ 1984-ல் ஏற்பட்டது. 1996 டிசம்பரில் பொதுஜனங்களுக்குக் கதவு திறந்தது. முன்னின்று நடத்தியவர் டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து சென்னைக்கு வாழ வந்த பெண்மணி. நம் திண்ணையின் அருமையை நமக்கு எடுத்துக் காட்ட அவர் வரவேண்டியிருந்தது, பாருங்கள்!

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். இதே மாதிரித் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிப் போகிறவர்களின் வரவேற்பு அறையில் அவை அழகாகத்தான் நிற்கும். ஆனால், எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஊர் உண்டு. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு முழுக்க முழுக்க மரவேலை. நெல் அறைக்கு அங்கே கிடைத்திருக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும். ஆந்திரக் கடற்கரை வீடோ வட்டமாக இருக்கிறது. மண் சுவர், தாழ்ந்த கூரை. புயல் காற்று மோத மூலை கிடையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் போட்ட கணக்கு அது!

ஒரு குறை சொல்லவா? அக்கிரகாரத்து வீட்டின் அடுக்களை ரொம்பச் சுத்தம். புகை படிந்த சுவரும் புளிப்பானை வாசனையும் இல்லாமல் அது என்ன அடுக்களை! அதற்குத்தான் சொல்கிறேன், அம்மாவையோ மாமியாரையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள். ஆட்டுக்கல்லையும் குதிரையும் கண்டதும் அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எந்தப் பண்டத்தை எங்கே வைப்பார்கள், முற்றத்தில் யார் எங்கே உட்காருவார்கள் என்பதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. பேத்தி “குதிர்னா என்ன பாட்டி?” என்று கேட்டால், நீங்கள் குறுக்கே பேசாமல் தள்ளி நில்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. குயவர் சக்கரத்தில் குழந்தைகளும் கை வைக்கலாம். ஆகையால் மாற்று உடுப்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.