கல்லச்சும் கணினித் திரையும்

சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் கிடக்கும் எங்கள் ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டியையும் பட்டாசையும் அறியாத வீடு இல்லை. அந்தப் பெட்டிகளின் மீது ஒட்டும் லேபிளுக்காகவே சிவகாசியில் அச்சுத்தொழில் வேரூன்றியது. கல்லச்சுக் காலத்தில் ஓவியர் தீட்டிய படம் நேரே தாளுக்கு வந்துவிடாது. அச்சகத்தில் ஒருவர் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனிக் கல்லில் பிரித்தெழுதுவார். ஒரு கல் மயிரிழை பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவின் படங்களும் நாள்காட்டிகளாக வீடுதோறும் சென்றது இத்தகைய பெயரறியாக் கைகளின் உழைப்பால்தான்.

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவுக்கு ஓர் இணையப் பக்கம் அமைக்க விரும்பினோம். என்னிடம் ஓதிய இருவர் முன்வந்தனர். ஒருவர் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்குக் கணினியில் படம் வடிவமைப்பவர். மற்றவர் சென்னையில் நிரல் எழுதுபவர். முன்னவர் வரைந்து அனுப்பினார். பின்னவர் அதை அப்படியே ஏற்றினார். இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. பார்த்து ஒப்புதல் தந்தவன் நான்.

மறுநாள் ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து, இடமிருந்து வலமாக ஓடுகின்றனவே?"

வெட்கித்துப் போனேன். அரபி எழுத்தைச் சேர்த்தெழுதத் தெரியாத மென்பொருளில் அமைத்ததால் நேர்ந்த பிழை அது. ஏற்றியவரும் அரபி ஓதியவரே! "படம் அவர் பொறுப்பு என்றிருந்தேன்" என்றார். நானோ பச்சை வண்ணத்தின் அழகில் மயங்கி எழுத்தைப் பார்க்கவில்லை. பிறர்மேல் குறை சொல்ல எனக்கென்ன தகுதி?

பக்கத்தை அன்றே நீக்கினோம். அடுத்த விடுமுறையில் அஸருக்குப் பின் இருவரும் என் வீட்டுத் திண்ணையில் ஒரே மடிக்கணினியின் முன் அமர்ந்தனர். அரபியைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே கொடுத்து, வலமிருந்து இடம் என்று குறித்துவிட்டால் உலாவியே எழுத்துகளைக் கோத்துக்கொள்ளும் என்றார் நிரலாளர். வரிகளை நெருக்கினால் ஜபர், ஜேர் குறிகள் வெட்டுப்பட்டுப் போகும், இடைவெளி விடு என்றார் ஓவியர். மக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. இரண்டு முறை தேநீர் கொடுத்தனுப்பிய என் மனைவி, "சண்டையா, வேலையா?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

இப்போது எதைப் புதிதாகச் சேர்த்தாலும் அந்தத் தாயாரின் சிறிய, விரிசல் விழுந்த கைப்பேசிக்கே முதலில் அனுப்புகிறார்கள். அவர் சரியென்ற பிறகே எனக்கு வருகிறது.