நடு எண்

லாச்சப்பலுக்குக் காரில் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். இரண்டாம் இலக்க மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். கார் து நோரில் இருந்து நடந்தாலும் கொஞ்சத் தூரம்தான். (சின்ன வயதில் 'கார் து நோர்' என்றால் ஏதோ கார்கள் நிற்கிற இடம் என்று நினைத்திருந்தேன். ரயில் நிலையம் என்று விளங்கக் கனநாள் எடுத்தது.) ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், வாங்க வேண்டியது அரிசி மூட்டை, கூடவே பிள்ளைகள் இரண்டு பேர். அதனால் அந்தச் சனிக்கிழமையும் காரில்தான் போனோம்.

நல்ல மழை. பெரிபெரிக்கில் ஏறுவதற்காக மிதித்தேன். கார் எடுபடவில்லை. யாரோ பின்னால் பிடித்து வைத்திருப்பதுபோல எஞ்சின் அடங்கிப் போனது. முன்னால், சறுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் லைட் மினுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு லொறியின் விளக்குகள் பெரிதாகிக்கொண்டு வருகின்றன. 2024 ஒக்டோபரில் இருந்து பெரிபெரிக்கில் 50தான் வேகம் என்றாலும், லொறிக்காரனுக்கு அது தெரிந்ததுபோல இல்லை. ஒரு மூன்று செக்கன் இருக்கும். பிறகு எஞ்சின் திரும்பவும் இழுத்தது.

"மழைக்கு அப்பிடித்தான் பிள்ளை. அதை விடு" என்றார் அப்பா.

அதற்கு முதல் இரண்டு கிழமையாக டயர் காற்று லைட்டும் வந்துகொண்டிருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரண்டு தரம் காற்று அடித்தேன். அளவு சரியாகக் காட்டும், லைட் போகும், இரண்டு நாளில் திரும்ப வரும். அப்பாவைக் கேட்டால் சிரிப்பார். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஏ-40 வைத்து ஓடியவர். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய். டயர் கிடைத்த டயர். ரிம்மில் ஏறினால் சரி. அந்தக் காருக்கு எண்ணத் தெரியாது.

போர்த் து லா ஷபெலில் இறங்கி, நிலத்தடிப் பார்க்கிங் ஒன்றில் காரை விட்டுவிட்டு நடந்தோம். மழை விட்டிருந்தது. இரும்புத் தூண்களுக்கு மேலே மெட்ரோ கடகடவென்று போக, கீழே ஃபோபூர் சான் துனி தெரு முழுக்க எங்கட ஆட்கள். நகைக்கடைக் கண்ணாடிகள், சீலைக்கடைப் பொம்மைகள், முருங்கைக்காய்க் கட்டு, அழைப்பிதழ் அச்சடிக்கிற இடம், ரூ காய் மூலையில் பொரிக்கிற மணம். என்ர மகள் இங்கே வந்தால் மட்டும்தான் தெருவில் தமிழில் கதைப்பாள். வெட்கம் விட்டுப்போகும்போல. சந்திக்குப் பக்கத்திலேயே புஃப் து நோர் தியேட்டர். பீட்டர் புரூக் மகாபாரதத்தைப் போட்ட அரங்கு அது. கர்ணனின் தேர்ச் சில்லு புதைந்த கதையை வெள்ளைக்காரர் இங்கே இருந்து பார்த்திருக்கிறார்கள் என்று அப்பா போகும்போதெல்லாம் சொல்லுவார். அன்றைக்கும் சொன்னார்.

ரோல்ஸும் தேத்தண்ணியும் குடிக்கிற கடையில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். புறநகரில் ஒரு கராஜில் மெக்கானிக். நான் லைட் கதையைச் சொன்னதும் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினார்.

"ரெண்டு லைட்டும் வருதோ? கிட்டடியில டயர் மாத்தினனீங்களோ தங்கச்சி?"

நான் மாற்றவில்லை, அப்பா மாற்றியிருந்தார். பின் டயர் இரண்டும் தேய்ந்துபோய் இருக்கிறது என்று நான் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, எனக்குச் சொல்லாமல் காரைக் கொண்டுபோய், பாவித்த டயர் விற்கிற ஒரு இடத்தில் தன் பென்ஷன் காசில் போட்டுக்கொண்டு வந்தவர். எனக்கு ஒரு சர்ப்ரைஸ். வெளி வாசலில் நின்று காட்டினபோது அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

பார்க்கிங்கில் அண்ணா போன் லைட்டை அடித்துக் குனிந்து பார்த்தார். முன் டயரில் 205/55 R16. பின் டயரில் 205/60 R16.

"205 பாத்திருக்கிறியள். 16 பாத்திருக்கிறியள். நடுவில இருக்கிறதைப் பாக்கேல்ல ஐயா."

அப்பா ஒன்றும் பேசவில்லை.

205 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடு எண்தான் பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்று. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 55 என்றால் முழு டயரின் விட்டம் 632 மில்லிமீட்டர். 60 என்றால் 652. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் போவதற்கு முன் சில்லு 504 தரம் சுற்றும், பின் சில்லு 488 தரம்தான் சுற்றும்.

"ஒவ்வொரு சில்லிலையும் ஒரு சென்சார் இருக்கு. அது தூரத்தை அளக்கிறேல்ல. சுத்தைத்தான் எண்ணுது. நாலு சில்லும் ஒரே உயரம் எண்டு நம்பித்தான் கொம்பியூட்டர் வேலை செய்யுது. இப்ப முன் சில்லு எந்த நேரமும் கூடச் சுத்துது. அப்ப அது என்ன நினைக்கும்? முன் டயர்ல காத்துக் குறைஞ்சு சின்னனாப் போச்சு எண்டு நினைக்கும். அந்த லைட்தான் முதல் வந்தது. மழையில மிதிச்சா, முன் சில்லு வழுக்கிச் சும்மா சுத்துது எண்டு நினைச்சு எஞ்சினை அமத்தும்."

அந்த மூன்று செக்கனும் லொறியும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கார் பழுதாகவில்லை. நாங்கள் கொடுத்த பொய்க் கணக்கை நம்பி, எங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது.

மகனுக்கு விளங்கவில்லை. அண்ணா அவனுக்குத் தேரை வைத்துச் சொன்னார். ரூ பஜோல் மாணிக்க விநாயகர் தேரை அவன் வருடாவருடம் பார்க்கிறவன். ஆனால் அண்ணா சொன்னது ஊர்த் தேர். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் இழுக்கிறவர்கள் இழுப்பார்கள். திருப்புகிறவர்கள் முட்டுக்கட்டையோடு சில்லுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர்கள். இடப்பக்கச் சில்லுக்குக் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், தேர் இடப்பக்கம் திரும்பும். ஈஎஸ்பி செய்வதும் அதுதான். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கமும் கார் உண்மையில் திரும்புகிற பக்கமும் வேறு வேறாக இருந்தால், ஒரு சில்லை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். "கட்டை போடுறவருக்குக் கண் பிழையாத் தெரிஞ்சா?" என்று அண்ணா கேட்டார். மகன் "தேர் விழும்" என்றான்.

1997இல் சுவீடனில் ஒரு கார்ப் பத்திரிகை, திடீரென்று குறுக்கே வரும் மிருகத்தை விலத்துகிற சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்பனி ஈஎஸ்பியை மட்டும் சேர்த்து நிறுத்தவில்லை. சஸ்பென்ஷனையும் டயரையும் சேர்த்தே மாற்றியது. டயரையும் ஈஎஸ்பியையும் பிரித்துப் பார்க்க ஏலாது. ஐரோப்பாவில் 2014 நவம்பரில் இருந்து எல்லாப் புதுக் காரிலும் ஈஎஸ்பி கட்டாயம். ஆகவே உங்களுடைய காரிலும் அநேகமாக இருக்கும்.

பெரிய ரிம் ஆசை உள்ள தம்பிமார் கேட்பார்கள்: பின்னுக்குப் பெரிய டயரோடேயே வருகிற கார்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன. ஆனால் அவை அகலத்தில்தான் பெரிது, உயரம் கிட்டத்தட்ட ஒன்றே. ரிம்மைப் பெரிதாக்கினாலும் 225/45 R17 போட்டால் விட்டம் 634. எங்கள் 632க்கு மிகக் கிட்ட. ஆனாலும் கம்பனி அனுமதித்த அளவாக இருக்க வேண்டும். அது டிரைவர் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கிற சீட்டிலோ கார்ப் புத்தகத்திலோ இருக்கும். பிரான்ஸில் ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஈஎஸ்பி லைட் எரிந்துகொண்டு கொந்த்ரோல் தெக்னிக்குக்குப் போனால் பெரிய பிழை என்று எழுதி, இரண்டு மாதத்துக்குள் திரும்ப வரச் சொல்லுவார்கள்.

அதைவிடப் பயம் எனக்கு வேறு. அடுத்த கிழமை ஸ்டுட்கார்ட்டில் ஒரு கல்யாணம். பிள்ளைகளோடு, அதே டயரில், 130இல் போவதாக இருந்தோம்.

"டயர் நல்ல டயர்தான் ஐயா. கோடெல்லாம் ஆழமா இருக்கு. இந்தக் காருக்கு இல்ல, அவ்வளவுதான்" என்றார் அண்ணா. அப்பா அரிசி மூட்டையைத் தானே தூக்கி டிக்கிக்குள் வைத்தார், முழங்கால் வருத்தத்தோடு. வீடு வரும்வரை கதைக்கவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை 205/55 இரண்டு போட்டோம். காற்று லைட்டுக்கு மெனுவில் போய்ப் புது அளவைப் பதியவைக்க வேண்டியிருந்தது. இரண்டு லைட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. காசை நான் கொடுக்க அப்பா விடவில்லை.

கல்யாணம் முடிந்து வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, திரும்ப லாச்சப்பல். நான் மரக்கறிக் கடையில் வரிசையில் நிற்கிறேன். வெளியே ரூ காயில், நிறுத்தியிருந்த ஒரு வானுக்குப் பக்கத்தில் அப்பா குந்திக்கொண்டு இருக்கிறார். மகள் அவருக்குப் பக்கத்தில், டயரில் விரலை வைத்து வாசிக்கிறாள்.

"சங்கான்த் சங்க், அம்மப்பா."

"தமிழில சொல்லு."

"ஐம்பத்தஞ்சு."

"சரி. இப்ப பின்னுக்குப் போய்ப் பார்."