சிட்னியிலிருந்து கும்பகோணம் எத்தனை மணி நேரம்?

சிட்னிக்கும் சென்னைக்கும் வானவழி நேர்தூரம் சுமார் 9,100 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் பத்து மணி நேரத்தில் போய்விடலாம். எங்களில் பலர் போவது சிங்கப்பூர் வழி. சிட்னி–சிங்கப்பூர் சுமார் 6,300, சிங்கப்பூர்–சென்னை சுமார் 2,900. கூட்டிப் பாருங்கள், சுற்று என்பது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். ஆனால் நேரம் அப்படியில்லை. எட்டு மணி நேரம் ஒரு விமானம், நாலு மணி நேரம் இன்னொன்று, இடையில் சாங்கியில் காத்திருப்பு.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு தகவல் போய்ச் சேரும் நேரம் கம்பியின் நீளத்தை மட்டும் பொறுத்ததில்லை. வழியில் எத்தனை இடத்தில் வரிசையில் நிற்கிறது என்பதும் சேர்ந்ததுதான்.

2019 ஜூலையில் அப்பா இறந்த செய்தி வந்தபோது சிட்னியில் இரவு பதினொன்றரை, ஊரில் மாலை ஏழு. சிட்னி விமான நிலையத்துக்கு இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு. சுற்றி வசிப்பவர்கள் தூங்க வேண்டும் என்பதற்காகச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். விடியும்வரை கிளம்ப வழியில்லை.

அத்தான் போனில் ஒன்றுதான் கேட்டார். "மாப்ளே, வாசல்ல எத்தனை மணிக்கு நிப்பே? அதச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

சென்னையில் இறங்கினால் காரில் ஆறு மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்தால் அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் கும்பகோணம். கணக்குப் போட்டு, "முப்பது மணி நேரம்" என்றேன். இருட்டிய பிறகு எடுக்கும் வழக்கமில்லை. மறுநாள் கழித்துக் காலையில் என்று முடிவாயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. தெருவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்திருந்தார் அத்தான். அம்மா இரண்டு இரவாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா எழுந்து, "பிள்ளை வந்துட்டான், இனி ஆகவேண்டியதப் பாருங்க" என்றார்.

அந்த முப்பது மணி நேரத்தில் எனக்குச் சாப்பாடு வந்தது, போர்வை வந்தது, கொஞ்சம் கண்ணயரவும் முடிந்தது. தூரத்தைக் கண்விழித்துச் சுமந்தவர்கள் அந்தத் தெருவில் இருந்தவர்கள்.

2022 செப்டம்பரில் சிட்னியிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் வந்தது. சுமார் பன்னிரண்டு மணி நேரம். இறங்கியபின் கும்பகோணத்துக்குக் காரில் இன்னும் ஒரு ராத்திரி. அம்மாவிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப ஒரு நாளுக்குள்ள வந்துடலாங்கறே."

"டிக்கெட் கிடைச்சா வந்துடலாம்மா."

இப்போதும் மாதம் ஒருமுறையாவது கேட்கிறாள், அந்த விமானம் ஓடுகிறதா என்று. ஓடுகிறது என்கிறேன். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.