போதும்பொண்ணு

போன மாதம் அக்காவைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். "எனக்கு என்ன பைத்தியமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

நர்ஸ் சீட்டைப் பார்த்து "போதும்பொண்ணு" என்று கூப்பிட்டதும், பெஞ்சில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் சிரித்துவிட்டது. எழுபத்து நாலு வயது அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்தாள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மூன்றாவது பெண். ஆயா வைத்த பெயர். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். "பேரு பலிச்சிடுச்சு" என்றார்களாம். பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் எத்தனை போதும்பொண்ணு, எத்தனை வேண்டா! தினமும் காலையில் வாசித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் அக்கா பெயரும் அதுதான் என்பது எனக்கே மறந்திருந்தது.

பின்னாளில், பெயர் வைக்கும் வரை உயிரோடு விட்டதே பாக்கியம் என்ற நிலையும் இங்கே இருந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு 900 பெண்கூட இங்கு இல்லை. பத்து வருடத்தில் அந்த எண் 900-ஐத் தாண்டியது, சந்தோஷம். செத்த குழந்தைகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. பிழைத்த பெண்களின் மனசைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை.

அக்கா பிறந்தபோது அம்மா பல நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாளாம். பால் கொடுக்கவில்லை, அத்தைதான் ஆட்டுப்பால் புகட்டினாள். "காத்து பட்டிருக்கு" என்று பூசாரியை வைத்துக் கயிறு கட்டினார்கள். இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று இன்று சொல்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துத் தாய்மார்களிடம் ஆய்வு செய்து 2002-இல் வெளியிட்டார்கள். மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறப்பது, மாமியாரோடு பிணக்கு, வறுமை எல்லாம் அதில் காரணங்களாக வருகின்றன. படித்தபோது எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

அக்கா ஐந்தாவதோடு நின்றாள், என்னைப் பார்த்துக்கொள்ள. பதினாறில் பாலக்கோடு பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். போன வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை; குறை சொல்ல அவள் இடமே வைக்கவில்லை. கடைசியில் தின்பாள், முதலில் எழுவாள். அவள் மகளும் அப்படியே. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் துடைப்பத்தைத் தேடுவாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர்தான் வைத்தார்கள்.

எனக்கும் ஒரு வேஷம் இருந்தது. ஒரே ஆண் வாரிசு தோற்கக் கூடாது. ஆசிரியர் பயிற்சிக்கு நிலத்தை விற்றார் அப்பா. அந்தப் பயம் ஓய்வு பெறும் வரை போகவில்லை. ஆனாலும் எனக்குக் கிடைத்தது முட்டை, அவளுக்குக் கிடைத்தது களி.

மாமா இறந்த பிறகு மகன் பெங்களூருக்கு அழைத்துப் போனான். நல்ல பையன். "இத்தன நாள் செஞ்சது போதும்மா, சும்மா உக்காரு, வேலைக்கு ஆள் வராங்க" என்றான். தூக்கம் போனது அங்கேதான். டாக்டரம்மா, "வீட்ல என்ன பாட்டி செய்வீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா உடைந்து அழுதாள். "ஒண்ணும் செய்யறதில்ல சாமி. சும்மா தின்னுட்டு இருக்கறன்."

வேலை செய்தால்தான் இருக்க இடம் என்று அவளுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயரே சொல்லிக் கொடுத்தது.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரவில் நாலு மணி நேரம் தூங்குகிறாள். (ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சப்படுபவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.) இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். புளி கொட்டை எடுக்கக் கொடுத்திருக்கிறேன், டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எடுக்கிறேன்.

பெங்களூர்ப் பேத்தி, "பேர மாத்திடலாம் பாட்டி, கெஜட்ல போட்டா போதும்" என்று போனில் சொன்னது. அக்கா சிரித்தாள். அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:

"ஏன் தம்பி, ஆயா இந்தப் பேர வைக்கறதுக்கு முன்னால, நம்ம அம்மா எனக்கு வேற பேரு எதாச்சும் நெனச்சி வச்சிருப்பாளா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்க அந்தத் தலைமுறையில் யாரும் இல்லை.

வரும் வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.