இரவு ஊசி

மகளுக்குத் தலசீமியா என்ற இரத்த நோய் என்று தெரிந்த அன்று, மட்டக்குளியில் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழவில்லை. என் அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இது எந்தப் பக்கத்து வருத்தம்?"

இரண்டு பக்கத்தாலும்தான். தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கொரு பழுதான மரபணு. ஆனால் இருவருக்கும் ஒரு நோயும் தெரியாது. இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வர நாலில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு கர்ப்பத்திலும். டாக்டர் இதைத் தாளில் வரைந்தே காட்டினார். அதன்பிறகும் நானும் மனைவியும் முகம் பார்த்துப் பேசப் பல மாதம் எடுத்தது.

மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். விடியவே புறப்பட்டு, களனி ஆற்றைக் கடந்து, வத்தளையில் பஸ் மாறி, ராகம ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோனது மனைவிதான். நான் துறைமுகத்தில் ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். காசு தேவைப்பட்டது உண்மை. வீட்டுக்கு வரப் பயந்ததும் உண்மை.

ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு அதைத் தானாக வெளியேற்றாது. இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். அதை எடுக்க டெஸ்பரல் மருந்து. வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சின்னப் பம்ப் ஒன்றைப் பூட்டி, 8 முதல் 12 மணித்தியாலம், கிழமையில் ஐந்து இரவு. இப்போது குளிசையும் இருக்கிறது. எங்கள் மகளுக்கு அன்று ஊசிதான்.

அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்த பேச்சு இவ்வளவுதான்: "பெரிட்டின் எவ்வளவு?" "மருந்து முடியுதுங்க." பெரிட்டின் என்றால் உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை.

ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்து பார்த்தேன். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தபடியே மனைவி தூங்கிப்போயிருந்தாள். கை பம்பின் மேல் இருந்தது. பின்னலில் இவ்வளவு நரை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு லீவு போட்டுப் போனேன். ஊசி போடக் காட்டித்தரும்படி நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். வீட்டில் முதல்முறை குத்தும்போது கை நடுங்கியது, மகள் கத்தினாள். மனைவி பக்கத்திலேயே நின்றாள். என் கையிலிருந்து ஊசியை வாங்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

பிறகு மூன்று இரவு நான், இரண்டு இரவு அவள். ஞாயிறு பின்னேரங்களில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காக்கைத்தீவுக் கடற்கரைக்குப் போனோம். வருத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். முதல் நாள் பேச ஒன்றுமே இருக்கவில்லை. கடலையை உரித்துக்கொண்டு சும்மா இருந்தோம். வெகுநேரம் கழித்து, கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட நாடகத்தில் தான் ராஜா வேஷம் போட்ட கதையைச் சொன்னாள். கலியாணமாகி ஏழு வருஷம். அந்தக் கதையை அன்றுதான் கேட்டேன்.

இந்த வருத்தமுள்ள பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் போங்கள். ஊசி போடப் பழகுங்கள். உங்கள் மனைவி ஒரு இரவாவது படுத்துத் தூங்கட்டும்.