ஒலியும் சான்றும்

காதால் கேட்ட ஒன்றை இன்னதென்று கூறுவது எளிய செயல்போலத் தோன்றும். வீட்டினுள் அமர்ந்தவாறே, தெருவில் செல்வது மாட்டு வண்டியா, மிதிவண்டியா என்று சொல்லிவிடுகிறோம். ஆயின், அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அயல்நாட்டு அரங்கு ஒன்றில் எழுந்த ஓசையை ஒலிநாடா வழியாகக் கேட்டு, அதனை எழுப்பிய கருவி இதுதான் என்று துணிதல் அத்துணை எளிதன்று. அதற்குச் செவியுடன் பொறுமையும் வேண்டும்.

பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், என் மாலைப் பொழுது பெரும்பாலும் என் பெயரனுடன் கழிகின்றது. அவன் மேனாட்டு இசையில் ஈடுபாடு மிக்கவன். ஒரு நாள், 'பீட்டில்ஸ்' என்னும் ஆங்கிலேய இசைக்குழுவினரின் பழைய பதிவு ஒன்றை எனக்குக் கேட்பித்தான். 1962ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப் அரங்கில் அவர்கள் பாடியது அது. வீடுகளில் வைத்துக்கொள்ளும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றினால் பதியப்பெற்று, 1977இல் இசைத்தட்டாக வெளிவந்தது. மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே, பாட்டின் அடியில் தாழ்ந்த நாதம் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. பேஸ் கித்தாரின் நாதம் அது. நான்கு தடித்த தந்திகளை உடைய அக்கருவி, வீட்டுக்குக் கடைக்கால் போலப் பாட்டினைத் தாங்குவது.

"தாத்தா, இது எந்தக் கித்தார் தெரியுமா? ஹாஃப்னர்!" என்றான் பெயரன்.

"எதனால் அவ்வாறு சொல்கிறாய், தம்பி?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றான்.

அவ்விடை எனக்கு நிறைவு அளிக்கவில்லை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்த ஆசிரியர்களிடம் பயின்றவன் நான். ஒரு நூலின் காலத்தை அகச்சான்று, புறச்சான்று என்னும் இரண்டினாலும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர்கள் கற்பித்த நெறி. அந்நெறியையே இங்கும் மேற்கொள்வோம் என்றேன். அவனும் இசைந்தான்.

அகச்சான்றாவது பதிவில் உள்ள ஒலியே. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. சிறிய ஒலிபெருக்கிகள் அவ்வதிர்வைச் செம்மையாக வெளியிடமாட்டா. எனினும், அதன் மடங்குகளாகிய மேலதிர்வுகளைக் கேட்டு, விடுபட்ட அடிநாதத்தை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கின்றது. மெல்ல ஓடும் நாடாவிலோ, தந்தியைத் தெறிக்கும்போது எழும் நுண்ணொலி மங்கிப்போகின்றது. ஆகவே நாம் கேட்பதில் கருவி தந்தது ஒரு பகுதி. நம் மனம் தந்தது ஒரு பகுதி. உட்குழிவான உடலை உடைய கருவியில் நாதம் விரைவில் அடங்குவதும், திண்ணிய கட்டையால் ஆனதில் நெடிது நிற்பதும் பொதுவான இயல்பு. ஆயின், வாசிப்பவர் கையால் தந்தியை அடக்கினாலும் நாதம் குறுகும் அன்றோ? எனவே, ஒலி ஒன்றையே கொண்டு கருவியின் பெயரைத் துணிதல் இயலாது.

அடுத்துப் புறச்சான்றை நாடினோம். அக்குழுவில் முன்னர் பேஸ் கித்தார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகினார். அப்பணியை ஏற்றவர் பால் மெக்கார்ட்னி. அவர் அவ்வாண்டிலேயே, ஹாம்பர்க் நகரில், வயலின் வடிவான ஹாஃப்னர் கித்தார் ஒன்றை ஏறத்தாழ 30 பவுண்டு கொடுத்து வாங்கினார். அவர் இடக்கையர், இருபுறமும் ஒத்த வடிவுடைய அக்கருவி, மாற்றிப் பிடித்தாலும் பார்வைக்குக் கோணலாகத் தோன்றாது. அவரிடம் இரண்டாம் ஹாஃப்னர் 1963இல்தான் வந்தது. ஆகவே, 1962இன் பதிவில் அதற்கு இடமில்லை.

பழைய நிழற்படங்களும் துணை செய்தன. தந்தியின் அதிர்வை மின்னலைகளாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். முதற்கருவியில் இரண்டு பிக்கப்புகளும் கழுத்தின் பக்கமாக நெருங்கி இருக்கும். இரண்டாவதில் ஒன்று கழுத்தருகிலும் மற்றொன்று தந்திகளைத் தாங்கும் குதிரையின் அருகிலும் இருக்கும். காலமும் ஆளும் படமும் ஒருங்கே சுட்டியது 1961இல் வாங்கிய அந்த முதல் ஹாஃப்னரையே. பதிவின் ஒலியும் அம்முடிவுக்கு மாறுபடவில்லை.

"நான் முதலிலேயே சொன்னேனே, தாத்தா!" என்று சிரித்தான் பெயரன்.

"சொன்னாய், தம்பி. அப்போது அது பிறரிடம் வாங்கிய கடன், இப்போது நீயே ஈட்டிய பொருள்" என்றேன்.

இவ்வாராய்ச்சியால் யாது பயன் என்று சிலர் வினவலாம். அம்முதற்கருவி 1972இல் இலண்டனில் ஒரு வண்டியிலிருந்து களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் இருப்பிடம் உலகறியாததாயிற்று. ஆர்வலர் சிலர் விடாது தேடியதன் பயனாக அது கிடைத்தது. ஹாஃப்னர் நிறுவனத்தார் ஆராய்ந்து, அதுவே என உறுதி செய்தனர். உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. அப்போது மெக்கார்ட்னிக்கு வயது 81. இளமையில் இழந்ததை முதுமையில் அவர் திரும்பப் பெற்றார். இதுதான் அது என்று சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கலாம். ஆயின், ஒரு பொருளை அதன் உரியவர் கையில் சேர்ப்பிக்க வல்லது சான்று ஒன்றே.

மாணவர்களே! நாள்தோறும் எத்தனையோ செய்திகள் நும் செவியை அடைகின்றன. அவற்றுள் ஒன்றை ஏற்குமுன், "எதனால்?" என்று ஒருமுறை கேளுங்கள். சான்று அழைத்துச் செல்லும் தொலைவு வரை துணிந்து செல்லுங்கள். அது நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.