ஒரு குக்கரும் ஒரு வீடியோ கேசட்டும்

அமெரிக்காவிலிருந்து யாராவது சாமான் அனுப்பினால், சந்தோஷப்படும் முன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 2004-ல் நான் படிக்கவில்லை.

வங்கி வேலைக்காக மும்பை செம்பூருக்கு வந்த புதுசு. அப்பா நியூஜெர்ஸியில் அக்கா வீட்டில் இருந்தார். தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு ரைஸ் குக்கரும் ஒரு வி.எச்.எஸ். கேசட்டும் கொடுத்தனுப்பினார். குக்கர் பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பி. மாட்டுங்காவில் ஒரு அடாப்டர் வாங்கி வந்து செருகினேன். ஐந்தே நிமிஷம், கருகின வாசனை. குக்கர் காலி.

அடாப்டர் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றுமாம், வோல்டேஜை மாற்றாதாம். பி.காம். படித்தவனுக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்? அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. 500 வாட் குக்கர் 1,800 வாட்டுக்கு மேல் இழுத்திருக்கிறது. கந்து வட்டி தேவலை! ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

கேசட்டுக்கு அந்த வைத்தியமும் கிடையாது. அமெரிக்க டிவி அப்போது என்.டி.எஸ்.சி., 525 கோடு, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். நம்முடையது பால், 625 கோடு, 25 படம். பக்கத்து வீட்டு வி.சி.ஆரில் போட்டால் கலர் இல்லாமல் படம் மேலே மேலே உருண்டது. அப்பா குரல் பேய்ப்படம் மாதிரி இழுத்தது. நிறுத்திவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து அப்பா வந்தார். பரணில் கிடந்த குக்கரைப் பார்த்து, "அதான் சொன்னேனேடா" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

2012-ல் அப்பா போய்விட்டார். போன மாதம் பரணை ஒழித்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. பூஞ்சை பிடிக்காமல் இருந்ததே அதிசயம். காசு கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கிவந்து போட்டேன்.

அக்கா வீட்டு சமையலறை. ஸ்வெட்டர், மங்கி குல்லாவோடு அப்பா. குக்கரைக் கவிழ்த்து லேபிளைக் காட்டுகிறார். "டேய், இது 120 வோல்ட். நேரா செருகிடாதே. உனக்கு இதெல்லாம் தெரியாது, யாரையாவது கேளு."

அப்புறம், "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.